அவள் முகத்தில் ஒரு பாவமும் இல்லை

பெங்களூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் வேலைக்காலம் முழுவதும் ஒரே நாவலைப் பாடமாக நடத்தினேன். பாடத்திட்டம் பல முறை மாறியது. கவிதைகள் வந்தன, போயின. ஒரு நாடகம் வந்து, மாணவர்கள் கெஞ்சியதால் போனது. அந்த நாவல் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நாவல் அது. அதைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன், மலர்களில் எழுதியிருக்கிறேன். சிவாஜிநகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட யாராவது பழைய மாணவர் வந்து, "சார், அந்தச் சுவர் லெக்சர் மறக்கவே முடியாது" என்பார்.

அந்த நாவலை நான் முழுவதும் படித்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. செத்துப்போனவரை இன்னொரு முறை சங்கடப்படுத்த வேண்டாம்.

நடந்தது இதுதான். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் நூலகத்தில் ஒரே பிரதி இருந்தது. என் முறை வந்தபோது முதல் சில அத்தியாயங்களைப் படித்தேன். அதற்குள் அடுத்தவன் கேட்டு வந்துவிட்டான். திருப்பிக் கொடுக்கும் முன் நூலக மேசை அருகே நின்றபடி கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தேன். நடுவில் இருந்ததை என் பேராசிரியர் கொடுத்த குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பில் நடுப்பகுதிக்கு ஒரு வரி இருந்தது: இடைப்பகுதியில் குடும்பச் சிக்கல்கள் விரிவாகச் சித்திரிக்கப்படுகின்றன. தேர்வில் அந்த வரியை எழுதினேன். பிறகு ஆசிரியனாகி அதே வரியை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி எழுத வைத்தேன். சொந்தமாக ஒரு பிரதியும் வாங்கினேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் படித்துவிட வேண்டும் என்று அதை எடுத்துத் தூசி தட்டி வைப்பேன். சில ஆண்டுகளில் எனக்கு அந்த நாவலில் நிபுணன் என்ற பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

கதை எனக்குத் தெரிந்த அளவில் இவ்வளவுதான். அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருவர் மனைவிகளுக்கும் ஏதோ சண்டை வந்து, வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். பல வருடம் கழித்து, வயதான காலத்தில் அந்தச் சுவர் மழையில் விழுகிறது. சுவர் எழும்பி முடிந்த அன்று மாலை அண்ணன் தன் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே ஒரு வாக்கியம் வரும்: அவள் முகத்தில் ஒரு பாவமும் இல்லை. என் புகழ்பெற்ற சொற்பொழிவு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை; கூட்டுக்குடும்பம் உடைந்த கணத்தில் பெண் கல்லாகிவிட்டாள்; அந்தச் சுவரும் அவளும் ஒன்று என்று பேசுவேன். பின் பெஞ்சில் அரட்டை அடிப்பவர்கள்கூட அமைதியாகிவிடுவார்கள்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் குடும்பம் மைசூர் அரசாங்க வேலைக்காக எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசினாள், பள்ளியில் கன்னடம் படித்தாள். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டென்ட் ஆகி ஓய்வு பெற்றாள். தமிழை அவள் கன்னட எழுத்தில்தான் எழுதுவாள். பால்காரருக்கு "நாளைக்கு ஒரு பாக்கெட் போதும்" என்று கன்னட எழுத்தில் எழுதி ஒட்டுவாள். அவரும் கன்னட எழுத்து மட்டும் தெரிந்த தமிழர் என்பதால் அது சரியாகப் போய்ச் சேரும். அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போன காலமெல்லாம் அவள் பையில் ஒரு கன்னட நாவல் இருக்கும். என்ன நாவல் என்று நான் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் அவள் என் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, இதில் என்ன கதை, கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டாள். "இது சொல்ற கதை இல்ல, படிக்க வேண்டிய இலக்கியம். உனக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே" என்றேன். ஆரம்பத்தையும் முடிவையும் தவிர எனக்குச் சொல்லக் கதை இல்லை என்பதே உண்மை. அவள் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள். அதன்பின் கேட்கவில்லை. நண்பர்கள் வந்து இலக்கியம் பேசும்போது காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவள் தானாகவே தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். நான் வாங்கும் தமிழ்ப் பத்திரிகையும், தொம்மலூர்க் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர்களும் அவளுக்குப் பாடப்புத்தகம் ஆயின. கன்னடத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே 'க' எல்லா வேலையும் செய்கிறது என்று அறிந்தபோது அவள் சூப்பிரண்டென்ட்டாகவே தீர்ப்பு சொன்னாள்:

"உங்க தமிழ்ல ஸ்டாஃப் ஷார்ட்டேஜுங்க. ஒரே ஆள நாலு சீட்ல உக்கார வெச்சிருக்காங்க. ஃபைல் எப்படி மூவ் ஆகும்?"

இந்த வருடம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. புதுக் கண்ணாடி எழுதித் தரும் வரை எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும், அதுவரை படிக்க வேண்டாம் என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து பிரேசர் டவுனில் மாதம் ஒரு முறை கூடும் தமிழ் வாசகர் வட்டத்தின் செயலாளர் போன் செய்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஒரு செவ்வியல் நாவல் எதனால் நல்ல இலக்கியம் ஆகிறது என்று பேச வேண்டும், உங்கள் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 'உங்கள் நாவல்' என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சம்மதித்தேன்.

பழைய சொற்பொழிவு தலைக்குள் இருந்தது. கூட நான்கு மேற்கோள் புதிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மனைவியிடம், அங்கங்கே நாலு இடம் வாசித்துக் காட்டினால் போதும் என்றேன்.

"அங்கங்க வாசிக்க நான் என்ன ரிமோட்டா? வாசிச்சா மொதல்லேர்ந்துதான்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்மா."

"உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே. நான் தடுமாறினா எடுத்துக் குடுங்க."

மத்தியானம் கண்ணில் சொட்டு மருந்து விட்டபின், பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். கீழே வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "சு... வ... ர். சுவர்." பிறகு வாக்கியம் முழுவதையும் ஒரு தடவை சேர்த்துப் படிப்பாள். ஓரகத்தி என்ற சொல் வந்தபோது நின்று, "ஓ, வாரகித்தி!" என்று கன்னடத்தில் சொல்லிப் பார்த்து, ஊரில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டது போல மகிழ்ந்தாள். முதல் நாள் எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு மெதுவாகப் படித்தால் எந்த எழுத்திலும் சதை குறைவாக இருக்கும் இடம் தெரிந்துவிடும். என் கட்டுரை ஒன்றை இந்த வேகத்தில் படித்தால் இரண்டாவது பத்தியிலேயே கேட்பவர் எழுந்து போய்விடுவார். இந்த நாவலில் அப்படி ஓர் இடமும் வரவில்லை. அவள் ஒரு வாக்கியத்தை உடைத்து உடைத்துக் கொடுத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் ஏதோ இருந்தது. வகுப்பில் செவ்வியல் நாவலின் பண்புகள் என்று பலவற்றை எழுதிப்போட்டிருக்கிறேன். இது அவற்றில் இல்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சுவர் எழும்பிய இடம் வந்தது. என் வாக்கியமும் வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது எந்த பாவம்? முகபாவத்துல வர்றதா, பாவ புண்ணியத்துல வர்றதா? கன்னடத்துல ரெண்டுக்கும் வேற வேற எழுத்து. இதுல ஒண்ணும் தெரியல."

தமிழில் படித்த எவனும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டதில்லை. கொஞ்சம் சிரித்து, முகபாவம்தான், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை என்று அர்த்தம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கல்லான பெண், உடைந்த சமூகம் என்று சுவர் லெக்சரைக் கால்மணி நேரம் பால்கனியிலேயே நடத்தினேன். அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடி கேட்டாள்.

"ஆனா இந்தப் பொம்பளையப் பாத்தா அப்படிக் கல்லாகிற ஆள் மாதிரி இல்லையே. எனக்கென்னவோ டௌட்டாத்தான் இருக்கு" என்றாள்.

"போகப் போகத் தெரியும்" என்றேன். போகப் போக என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்தைப் புரட்ட முயன்று, முடியாமல் புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டு போனாள். பழைய பதிப்புகளில் அச்சுத் தாளை மடித்துத் தைத்தபின் ஓரத்தை வெட்ட வேண்டும். சில பிரதிகளில் வெட்டு சரியாக விழாமல் பக்கங்கள் மேல்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும். படிப்பவர் கத்தியால் பிரித்துக்கொள்வார். என் பிரதியில் நடுப்பகுதி முழுவதும் அப்படியே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் பிரிக்கவில்லை.

"இது ஏங்க ஒட்டியிருக்கு?"

"நான் படிச்சது லைப்ரரி காப்பி" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. வயதானாலும் அந்த வேகம் குறையவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அது நல்லதாகப் போயிற்று. உள்ளே போய்க் காய் வெட்டும் கத்தியை எடுத்து வந்து, பக்கங்களை நிதானமாகப் பிரித்தாள். தாள் கிழிபடும் ஓசை ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

பிரித்த பக்கங்களில், கதை கொஞ்சம் பின்னால் போனது. சுவர் எழும்புவதற்கு முன்னால் ஒரு நாள் இரண்டு ஓரகத்திகளும் குளத்தங்கரையில் துணி துவைக்கிறார்கள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைப்பதால் உப்பு, புளி என்று தினமும் உரசல். இப்படியே போனால் ஒருநாள் நிஜமாகவே பகையாகிவிடும் என்று மூத்தவள் பயப்படுகிறாள். தனித்தனி அடுப்பு வேண்டும் என்று கேட்டால் கணவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், ஊர் என்ன சொல்லும் என்பார்கள். அதனால் இருவரும் பேசி வைத்து ஒரு பொய்ச் சண்டை போடுகிறார்கள். ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்து, கண்கலங்கி, வீட்டைப் பிரிக்க முடிவு செய்கிறார்கள். இவர்கள் ஈரத்துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கொத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, சமையலறைச் சுவரில் ஒரு செங்கல் மட்டும் வைக்காமல் விடச் சொல்கிறார்கள், குழம்புக் கிண்ணம் போக வர.

என் மனைவி அதைப் படிக்க முடியாமல் படித்தாள். ஒரு வரி, ஒரு சிரிப்பு. ஈரத்துணி இடத்தில் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். வாய்விட்டு, முதல்முறை கேட்பவன் சிரிக்கும் சிரிப்பு. அதில்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் சிரிப்பு நின்றது. பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய் அந்த வாக்கியத்தை மறுபடி கண்டுபிடித்தாள்.

"அப்ப இது பாவ புண்ணியத்துல வர்ற பாவம்தானே? அவளே திட்டம் போட்டுச் சுவர் எழுப்பியிருக்கா. நல்லதுக்குத்தான செஞ்சோம்னு நிக்கிறா. அதனால முகத்துல ஒரு பாவமும் இல்ல. புருஷன் அத வேற மாதிரிப் பாக்கிறான். நீங்களும் அவன் மாதிரியே பாத்திருக்கீங்க."

புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இத்தன வருஷம் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிவிட்டேன். நூலகத்தில் ஒரே பிரதி இருந்ததிலிருந்து லைப்ரரி காப்பி என்று சொன்ன பொய் வரை எல்லாவற்றையும். கல்யாணமான புதிதில் கதை கேட்டாயே, அன்று சொல்லாததற்கும் இதுதான் காரணம் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போதே தோன்றியது. ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

மற்றதை எல்லாம் கேட்டுக்கொண்டு அவள் தலையை ஆட்டினாள். இதைக் கேட்டபின் புத்தகத்தை மூடினாள்.

"அது ரொம்பப் பெரிய புக்கு, நமக்கு எட்டாதுன்னு நெனச்சேன். நீங்க எல்லாரும் பேசும்போது காபி வெச்சிட்டு உள்ள போயிடுவேன். ஏதாவது கேட்டு உங்களுக்கு அவமானமாயிடக் கூடாதேன்னு. அப்ப நீங்களும் வெளியதான் நின்னுட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே நின்னிருக்கலாமே" என்று சொல்லி எழுந்து உள்ளே போனாள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை, சாப்பாட்டிலும் குறை இல்லை. மறுநாள் மத்தியானம் சொட்டு மருந்து விட்டாள், இரண்டு நாற்காலியும் போட்டாள். உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

நான் கொஞ்ச நேரம் காத்திருந்து, படிக்கவில்லையா என்று கேட்டேன். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். உதடு மட்டும் அசைந்தது. பக்கம் புரளும் ஓசை கேட்டது. திடீரென்று சிரித்தாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றாள்.

எனக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கண் இருந்த காலமெல்லாம் அந்தப் புத்தகம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அது என் எதிரிலேயே திறந்து கிடக்கிறது, எனக்கோ எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. மூத்தவள் கணவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டதா? அந்த ஓட்டை அகப்பட்டுக்கொண்டதா? சமையலறையில் அவள் பின்னால் நின்றுகொண்டு, அவன் கண்டுபிடிச்சிட்டானா, அது மட்டும் சொல் என்றேன். "தோசை கருகுது, தள்ளுங்க" என்றாள். இன்னொரு நாள் படித்துக்கொண்டிருந்தவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டினாள். என்னுடைய வயதில் ஒரு மனிதன் கதை கேட்டு இப்படி அலைந்ததைப் பார்த்தால் என் மாணவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்து நாள் வந்தது. நான் கிளம்பும்போது அவளும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். வாசகர் வட்டத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. கண் சரியில்லாத ஆளைத் தனியாக எப்படி அனுப்புவது என்றாள். கைப்பையில் அந்தப் புத்தகம் இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் கூட்டம். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் என்னை அறிமுகப்படுத்தினார். இந்த நாவலைக் கரைத்துக் குடித்தவர் என்றார். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். முகம் தெரியவில்லை. சேலையின் பச்சை மட்டும் தெரிந்தது.

பழைய சொற்பொழிவைப் பேசியிருக்கலாம். அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது, அவளைத் தவிர. அவள் எழுந்து ஒன்றும் சொல்லியிருக்கவும் மாட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டிருப்பாள். ஆனால் அதற்குப்பின் அந்த நாற்காலியில் என் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து, நான் இதை முழுதாகப் படித்ததில்லை என்றேன். நகைச்சுவை என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். மறுபடி சொன்னேன். எப்படிப் படிக்காமல் விட்டேன், எப்படி நடத்தினேன், பாவம் என்ற சொல்லில் எப்படி விழுந்தேன் என்று சொன்னேன். கடைசி அத்தியாயத்தில், விழுந்த சுவரை மறுபடி கட்டும்போது ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொல்லுக்கா என்று இளையவள் மூத்தவளிடம் சொல்வாள். அந்த ஓட்டை சமூகத்தின் ஆறாத காயம் என்று நான் பாடம் நடத்தியதையும், அது குழம்புக் கிண்ணம் போகிற ஓட்டை என்பதையும் சொன்னேன். அப்போதுதான் கூட்டம் முழுவதிலும் சிரிப்பு எழுந்தது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முன் வரிசையில் தலை நரைத்த ஒருவர் எழுந்தார். என் பழைய மாணவர்.

"சார், நான் அந்தக் காயத்த எழுதித்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினேன். இப்ப யூனிவர்சிட்டில திருப்பிக் குடுத்துடணுமா?"

"குடுக்காதீங்க" என்றார் செயலாளர். "நானும் வீடு பிரிக்கிற வரைக்கும்தான் படிச்சேன். கரைச்சுக் குடிச்சவர்னு சார்வாளச் சொன்னேனே, அதுவும் எங்கேயோ படிச்சதுதான்."

அதன்பின் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் அட்டையின் பின்புறம் மட்டும் படித்திருந்தார். ஓர் அம்மா கல்யாணப் பரிசாக மூன்று பேருக்கு அதைக் கொடுத்திருந்தார், தான் திறந்ததில்லை. நல்ல நாவல் என்பதற்கு எல்லோரும் படித்திருப்பது அடையாளம் என்று நான் எழுதியிருக்கிறேன். எல்லோரும் படித்ததாகச் சொல்லிக்கொள்வது என்று திருத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் கூட்டத்தின் தலைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இந்த நாவலின் ஆரம்பமும் முடிவும் குறிப்புக்குள் அடங்கிவிட்டன. நடுப்பகுதி அடங்கவில்லை, அதனால்தான் என் பேராசிரியர் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார். இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டு பேசுவதை எப்படிக் குறிப்பு எடுப்பது? நல்ல நாவலின் உயிர் அப்படிப்பட்ட பக்கங்களில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பெரிய கருத்து ஒன்றை ஆரம்பத்திலிருந்தும் முடிவிலிருந்தும் நாம் எடுத்துப் போகலாம். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டால் அந்தக் கருத்து பொய்யாகிவிடும். அது பொய்யானபின் நாவல் இன்னும் நன்றாக இருக்கும். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, மீதியைப் படிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மீதியை யாராவது படித்திருக்கிறீர்களா என்று செயலாளர் கேட்டார். கடைசி வரிசையைக் காட்டி, என் மனைவி படித்துவிட்டாள் என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றாள். அலுவலகத்தில் ஃபைல் படித்த குரல் வந்தது.

"நான் சொல்லமாட்டேங்க. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், எனக்கே முடிஞ்சது. நீங்கள்லாம் கடகடன்னு படிப்பீங்க. படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அடுத்த மாதம் எல்லோரும் படித்துவிட்டு வருவது, அவள்தான் பேசுவது என்று முடிவாயிற்று. காபி வந்தது. இந்த முறை காபியைக் கொடுத்தவர் செயலாளர். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொண்டு, குளத்தங்கரையைப் பற்றி அந்தக் கல்யாணப் பரிசு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அல்சூர் தாண்டியபின் அவளே பேசினாள்.

"நாளைலேர்ந்து வாசிக்கிறேன். ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"நடுவுல விளக்கம் சொல்லக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, எந்த சீரியல் அம்மா என்று கன்னடத்தில் கேட்டார். சீரியல் இல்லை, பழைய புத்தகம் என்று அவள் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்து, தொம்மலூர் வரும் வரை அவருக்குக் கதை சொன்னாள். எனக்குச் சொல்லாத இடங்கள் வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இருவரும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, செங்கல் ஓட்டை வழியாக மழை வருமா வராதா என்று பேசுகிறார்கள். அவ்வளவுதான். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் படித்தாள். சில இடங்களில் வல்லெழுத்தை மாற்றிப் படித்து, தானே நின்று திருத்திக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இளையவள் ஓட்டை வழியாகக் கையை நீட்டி, மழைத்துளி ஒன்று விழுந்ததைக் காட்டுகிறாள். மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல், மேலே பேசிக்கொண்டே இருக்கிறாள்.

அங்கே அத்தியாயம் முடிந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி, கண் வலிக்கிறது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்றாள்.

"இன்னும் ஒரு பக்கம்" என்றேன்.

"நாளைக்கு."

"ஒரே ஒரு பக்கம். அவ கையை விட்டாளான்னு மட்டும் பாத்துடலாம்."

அவள் கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒரு பக்கம்தான்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தாள்.